கரடித்தோல் போர்த்திய வீரன்: கவசத்துக்கும் ரோமத்துக்கும் வண்ணம் தீட்டுவது எப்படி

எவர்சில்வர் சொம்பை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு நான் கால்மணி நேரமாக உற்றுப் பார்ப்பதை அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். “காலி சொம்புல என்னடா தெரியுது?” என்று கேட்டார். எனக்கு நிறையத் தெரிந்தது. அதுவரை ஐந்தாறு பொம்மைகளின் கவசத்துக்குப் பாட்டிலில் இருந்த வெள்ளி பெயின்டை அப்படியே பூசி, எல்லாமே அலுமினியத் தாள் சுற்றிய சாக்லேட் மாதிரி வந்திருந்தன. ஏன் அப்படி என்பது அந்தச் சொம்பில்தான் விளங்கியது.

நீங்களும் ஒரு சொம்பை எடுத்து வையுங்கள். அதில் வெள்ளி நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. வயிற்றுப் பகுதியில் ஜன்னல் வெளிச்சம் மெல்லிய வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். அந்தக் கோட்டை ஒட்டியே, இடைவெளி இல்லாமல், கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு பட்டை. அதற்குக் கீழே எங்கள் வீட்டு ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பு மங்கலாக ஏறியிருக்கும். பக்கத்தில் ஒரு மண்பானையை வைத்துப் பாருங்கள். பானையில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நிறம் மெதுவாக இறங்கும். சொம்பில் சட்டென்று மாறும். உலோகம் என்று கண் நம்புவது அந்தச் ‘சட்டென்று’க்காகத்தான். இனி சொல்லப்போகும் வேலை முழுக்க அதை ஒரு சின்னப் பொம்மையில் கொண்டுவருவதற்கு.

நாம் எடுத்துக்கொள்ளும் பொம்மை ஒரு கற்பனை உலகத்து வீரன். உடம்பெல்லாம் தகட்டுக் கவசம், தோளில் தலையோடு உரித்த கரடித்தோல். 32 மில்லிமீட்டர் அளவு, அதாவது கட்டைவிரலின் பாதியளவு. என்னுடையதை ஓசூரில் முப்பரிமாண அச்சில் ரெசினில் எடுத்துத் தரச் சொன்னேன். பிளாஸ்டிக் அச்சில் வரும் பொம்மைகளும் இதே முறைக்குச் சரியாக வரும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் 75 மில்லிமீட்டர் பொம்மை வாங்கினால் கண்ணுக்குச் சிரமம் குறையும்.

கடைக்குப் போகும் முன்

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் போதும். கறுப்பு, வெள்ளை, அடர் பழுப்பு, வெளிர் சந்தனம், கருநீலம் ஆகிய ஐந்தும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற சாதாரண வகையாக இருந்தாலும் சமாளிக்கலாம். உலோக நிறத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மலிவான வெள்ளி பெயின்டில் மினுக்குத் துகள் பெரிதாக இருக்கும். பெரிய படத்தில் அது தெரியாது. ஒன்றேகால் அங்குல ஆளின் மார்பில் பூசினால் திருவிழா ஜிகினா ஒட்டிய மாதிரி இருக்கும். இந்த மாதிரி குட்டிப் பொம்மைகளுக்கென்றே வருகிற கன்மெட்டல் (கருஞ்சாம்பல் உலோக நிறம்), வெள்ளி, பித்தளை மூன்றையும் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். கூடவே கறுப்பில் ஒன்று, பழுப்பில் ஒன்றாக இரண்டு வாஷ். வாஷ் என்பது பள்ளத்தில் மட்டும் தேங்கி நிழல் கொடுக்கும் நீர்த்த நிறம்.

பிரஷ்ஷில் 1-ஆம் எண்ணும் 0-வும் போதும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மூன்று பூஜ்யம் போட்ட ஊசி பிரஷ்ஷைத்தான் முதலில் தேடுவார்கள், நானும் தேடினேன். அதில் நிற்கிற பெயின்ட் பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும், அதுவும் நம்ம தர்மபுரி வெயிலில் சொல்லவே வேண்டாம். நல்ல கூர் உள்ள 1-ஆம் எண் பிரஷ் கண்ணிமை வரைக்கும் வரையும். அப்புறம் ஃபேன்சி ஸ்டோரில் முகப்பூச்சுக்கு விற்கிற குட்டையான, மெத்தென்ற பிரஷ் ஒன்று. ரோமத்துக்கு அதுதான் வேலை செய்யும்.

பெயின்ட் காயாமலிருக்க ஈரப் பலகை ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். மூடியுள்ள தட்டையான ஸ்வீட் டப்பாவில் டிஷ்யூ பேப்பரை நாலைந்து மடிப்பாக விரித்துத் தண்ணீரில் நனைத்து, மேலே பட்டர் பேப்பரைப் படிய வையுங்கள். மெழுகு பூசிய காகிதம் வேண்டாம், தண்ணீர் ஊறாது. இதில் கலந்த நிறம், மூடி வைத்தால் மறுநாள் வரைக்கும் ஈரமாக இருக்கும். உலோக நிறங்களை மட்டும் இதில் ஊற்றாதீர்கள். மினுக்குத் துகள் நீரில் மிதந்து பலகை முழுக்கப் பரவி, மற்ற நிறங்களிலும் ஏறிவிடும். அவற்றுக்கு உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்று தனியாக. பிரஷ் கழுவும் தண்ணீரும் தனி டம்ளரில்.

உலோகப் பெயின்டில் துகள் அடியில் தங்கிவிடுவதால் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும். குலுக்குவதற்கு வசதியாகச் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பால்ரஸ் குண்டு ஒன்றை ஒவ்வொரு பாட்டிலிலும் போட்டேன். இரண்டு மாதத்தில் வெள்ளை பெயின்ட் டீ நிறமாகிவிட்டது, உள்ளே குண்டு துருப்பிடித்திருந்தது. கண்ணாடி மணி போடுங்கள்.

அடிப்பூச்சு

ரெசின் பொம்மை என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காய வையுங்கள். அச்சுக் கோடுகளையும் அச்சிடும்போது பொம்மையைத் தாங்கிய குச்சிகள் விட்ட புள்ளிகளையும் நைஸ் உப்புத்தாளால், தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். ரெசின் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ரோமத்தின் குறுக்கே ஒரு அச்சுக் கோடு ஓடினால் அதை இப்போதே கீறி எடுத்துவிடுங்கள், பின்னால் எந்த நிறமும் அதை மறைக்காது. பிறகு பொம்மையைக் காலி மருந்து பாட்டிலின் மூடிமேல் ஒட்டிக்கொண்டால், பாட்டிலைப் பிடித்துக்கொண்டே தீட்டலாம்.

அடிப்பூச்சுக்குக் கறுப்பு பிரைமர். ஸ்பிரே டப்பாவை ஒரு சாண் அல்லது அதற்குக் கொஞ்சம் அதிக தூரத்தில் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி சிறு சிறு வீச்சாக அடிக்க வேண்டும். மொட்டை மாடியில், காலை ஏழு எட்டு மணிக்கு. நான் ஒரு சித்திரை மாத உச்சி வெயிலில் அடித்தேன். பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுந்து, வீரனின் முகம் உப்புத்தாள் ஆகிவிட்டது. ஐப்பசி மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு, காற்றின் ஈரத்தால் பூச்சு வெளிறிப்போகும். மழை விட்டு வெயில் காயும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் பெயின்ட் கடையில் கிடைக்கிற பிரைமர் மலிவுதான், ஆனால் சில வகை பிளாஸ்டிக்கை அரிக்கும். முதலில் பொம்மையோடு வந்த சட்டத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

கறுப்பு காய்ந்ததும் வெள்ளை பிரைமரைத் தலைக்கு மேலிருந்து சாய்வாக, ஒரே பக்கத்திலிருந்து, லேசாக ஒரு வீச்சு. வெளிச்சம் விழும் இடமெல்லாம் வெளுத்து, கீழெல்லாம் கறுப்பாக நிற்கும். இந்தக் கட்டத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் எங்கே ஒளி, எங்கே நிழல் என்று குழம்பும்போது அதுதான் வரைபடம். மேஜை விளக்கையும் அதே பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தீட்டுங்கள்.

கவசம்

முதலில் உலோகம், அப்புறம் ரோமம். உலோகத் துகள் ரோமத்தில் பட்டால் எடுக்க முடியாது. ரோமத்தின் பழுப்பு கவசத்தில் பட்டால் ஒரு தொடுகையில் சரிசெய்யலாம்.

பதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் இருப்பது களி. அதை அப்படியே பூசினால் கவசத்தின் ஆணி, விளிம்பு எல்லாம் அடைபட்டுவிடும். நமக்கு வேண்டியது பால் பதம். டைல்ஸில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. உலோக நிறத்தில் தண்ணீர் அதிகமானால் துகளும் நிறமும் பிரிந்துவிடும், அதனால் ஒன்றிரண்டு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தடிப்பாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு மேல். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

கவசம் முழுக்கக் கன்மெட்டல் இரண்டு பூச்சு கொடுத்துக் காய விடுங்கள். பிறகு கறுப்பு வாஷ். எல்லோரும் இங்கே பொம்மையை வாஷில் குளிப்பாட்டுவார்கள். அப்படிச் செய்தால் தகட்டின் நடுவே வாஷ் காய்ந்து, டீ டம்ளர் வைத்த இடம் மாதிரி வளையம் விழும். தகடும் தகடும் சேரும் இடுக்கு, ஆணியின் அடி, முழங்கால் மூட்டின் மடிப்பு ஆகியவற்றில் மட்டும் பிரஷ் நுனியால் விடுங்கள். எங்காவது குளம்போல் தேங்கினால் ஈரத்தைப் பிழிந்த பிரஷ்ஷால் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும்.

இதற்கு அப்புறம்தான் சொம்பு வேலை. கன்மெட்டலில் சாதாரணக் கறுப்பையும் துளி கருநீலத்தையும் கலந்து, ஒவ்வொரு தகட்டின் நிழல் பக்கத்திலும் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரணக் கறுப்பில் மினுக்குத் துகள் இல்லை. அதனால் அந்த இடம் பொம்மையை எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்னாது, நிழல் நிழலாகவே நிற்கும். முழுக் கவசமும் ஒரே மாதிரி மின்னுவதுதான் புதியவர்களின் கவசத்தைப் பொம்மைக் கவசமாகக் காட்டுவது. பாதி மேற்பரப்பை மங்கலாக்க மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள்.

முழங்கால் கவசத்தை எடுத்துக்கொள்வோம். அது அரைப் பந்து, நம் சொம்பின் தங்கை. மேல் பக்கம், விளக்கு இருக்கும் திசையில், சுத்தமான வெள்ளியில் ஒரு கடுகளவு புள்ளி. அந்தப் புள்ளியைச் சுற்றிக் கன்மெட்டல் அப்படியே இருக்கட்டும். பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே பிறை வடிவில் அந்தக் கறுப்புக் கலவை. பிறைக்கும் கீழே, விளிம்பை ஒட்டி, கன்மெட்டலோடு துளி பழுப்பு கலந்து மயிரிழைக் கோடு ஒன்று. அது தரையின் பிரதிபலிப்பு. இதைத் தீட்டிவிட்டுக் கையை நீட்டித் தூர வைத்துப் பாருங்கள். அந்தப் பழுப்புக் கோடு கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் முழங்கால் உருண்டு நிற்கும். மார்புக் கவசம், தோள், தலைக்கவசம் எல்லாம் இதே கணக்கின் பெரிய வடிவம்தான்.

கடைசியாக விளிம்பு. வெள்ளியைத் தொட்டு, பிரஷ் நுனியால் அல்ல, பிரஷ்ஷின் விலாவால் தகட்டின் மேல் விளிம்பை வருடிக்கொண்டு போங்கள். கோடு தானாக நேராக வரும். கீழ் விளிம்புகளை விட்டுவிடலாம். கத்தியில் இதையே மாற்றிச் செய்ய வேண்டும். நடு முதுகெலும்புக்கு ஒரு பக்கம் வெளிச்சம் என்றால் மறுபக்கம் இருட்டு. நுனிக்குப் போகப் போக ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும்.

பித்தளை வேலைப்பாடு இருந்தால் அதன்கீழ் முதலில் அடர் பழுப்பு ஒரு பூச்சு, மேலே பித்தளை நிறம், பள்ளத்தில் பழுப்பு வாஷ், மேட்டில் பித்தளையோடு வெள்ளி கலந்து ஒரு தொடுகை. அவ்வளவுதான்.

புதுக் கவசமா, போர் கண்ட கவசமா?

எங்கள் தர்மபுரி தகடூராக இருந்தபோது ஆண்ட அதியமான், ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பிய கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளவென்று அரண்மனையில் இருந்தன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. உங்கள் வீரன் இதில் யார் என்று இப்போது முடிவுசெய்ய வேண்டும். தொண்டைமான் பக்கம் என்றால் மேலே சொன்னதோடு கவச வேலை முடிந்தது. கரடித்தோல் போர்த்தியவன் அரண்மனையில் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் நான் அதியமான் பக்கம்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் மொச்சைக்கொட்டை அளவு கிள்ளி, அடர் பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, கேடயத்தின் விளிம்பிலும் தோளின் உச்சியிலும் லேசாகத் தட்டுங்கள். ஒழுங்கில்லாத சிறு புள்ளிகள் விழும். வெட்டுக் காயத்துக்கு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, அதன் கீழ் உதட்டை ஒட்டி வெள்ளிக் கோடு. வெளிச்சம் மேலிருந்து வருவதால் பள்ளத்தின் கீழ் உதடுதான் மின்னும். மாற்றிப் போட்டால் காயம் தழும்புபோலப் புடைத்துத் தெரியும். துருவுக்குப் பழுப்பில் ஆரஞ்சு கலந்து, டிகாக்‌ஷன் மாதிரி நீர்த்து, தண்ணீர் தங்கும் மூட்டுகளில் மட்டும். அடி எங்கே படும், கை எங்கே உரசும், மழை எங்கே தேங்கும் என்று யோசித்துப் போடுங்கள். எல்லா இடத்திலும் போட்டால் காயலான் கடைச் சரக்காகிவிடும். இந்த வேலையில் கை நிற்காது, அதை மட்டும் எச்சரிக்கிறேன்.

ரோமம்

கிருஷ்ணகிரி பக்கம் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஒருமுறை ரோமம் பார்க்கவே போனேன். ஒரு கறுப்பு வெள்ளாட்டின் கழுத்து மயிரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆட்டுக்காரப் பெரியவர், “என்னங்க தம்பி, எல்லாரும் பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க, நீங்க மயிரைப் பாக்கறீங்க?” என்றார். பொம்மைக்கு என்று சொன்னால் நம்பமாட்டார் என்று, “சும்மாதாங்க ஐயா” என்று நழுவிவிட்டேன்.

பார்த்தது இதுதான். மயிர் தனித்தனியாக நிற்பதில்லை, நாலைந்து சேர்ந்து ஈரப் பிரஷ்ஷின் நுனிபோலக் கூர்மையான கற்றையாகிறது. கற்றைக்கும் கற்றைக்கும் நடுவே இருட்டு. தோலருகே நிறம் அடர்த்தி, நுனி வெளுப்பு. கறுப்பு ஆடு என்று நாம் சொல்வதன் முதுகு மயிர் நுனி வெயில் பட்டுச் செம்பட்டையாக இருக்கிறது. அடி வயிற்றில் செம்மண்.

இனி தீட்டுவது. அடர் பழுப்பில் கொஞ்சம் கறுப்பு கலந்து, பள்ளம் வரைக்கும் போகிற மாதிரி இரண்டு பூச்சு. காய்ந்ததும் ட்ரை பிரஷ். ஃபேன்சி ஸ்டோர் பிரஷ்ஷில், அடர் பழுப்போடு சந்தனம் கலந்த நிறத்தைத் தொட்டு, அட்டையில் தேய்த்துத் தேய்த்து முக்கால்வாசியை எடுத்துவிடுங்கள். பதம் வந்ததா என்று பார்க்க உங்கள் விரல் கணுவில் தடவுங்கள். சுருக்கங்களின் மேட்டில் மட்டும் நிறம் ஒட்டினால் சரி, பட்டையாக விழுந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். பிறகு ரோமம் ஓடும் திசைக்குக் குறுக்காக, தூசி தட்டுவதுபோல. மயிரோடு சேர்த்துத் தடவினால் பள்ளத்திலும் இறங்கிவிடும். கவசத்தில் படாமலிருக்க இடது கையில் ஒரு விசிட்டிங் கார்டைத் தடுப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரஷ் எலும்பாகக் காய்ந்திருந்தால் ரோமத்தில் சுண்ணாம்புத் தூள் படிந்த மாதிரி வரும், ஈரத்துணியில் ஒரு முறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இதன்மேல் பழுப்பு வாஷ் முழுக்க ஒரு பூச்சு. ரோமத்தில் வளையம் விழுந்தாலும் தெரியாது, தாராளமாக விடலாம். ஒரு மணி நேரம் காயட்டும்.

நிறையப் பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விளையாட்டுப் பலகையில் வைக்க இதுவே போதும். அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். 1-ஆம் எண் பிரஷ், பாலைவிடக் கொஞ்சம் நீர்த்த சந்தனப் பழுப்பு. கற்றையின் நடுவில் பிரஷ்ஷை வைத்து நுனி நோக்கி இழுத்து, நுனியில் மேலே தூக்கிவிடுங்கள். கடைசியில் நின்ற இடத்தில்தான் நிறம் அதிகம் சேரும், அதனால் வெளுப்பு நுனியில் விழும். ஒரு கற்றைக்கு மூன்று நான்கு கோடு, எல்லாம் ஒரே கூரில் சேர வேண்டும். நடுவிலுள்ள இருட்டை மூடிவிடாதீர்கள். கவசத்தில் வெள்ளியைத் தூக்கிக் காட்டியது போலவே இங்கேயும் கோட்டைத் தூக்குவது அந்த இருட்டுதான். அப்புறம் வெறும் சந்தனத்தில் தோளின் மேற்பகுதிக் கற்றைகளுக்கு மட்டும் இன்னொரு சுற்று. முதுகின் கீழ்ப்பகுதியை விட்டுவிடுங்கள். தரையை உரசும் ஓரத்தில் செம்மண் நிறத்தை ஸ்பாஞ்சால் தட்டினால் ஆள் நடந்து வந்தவன் ஆவான்.

வெள்ளை ஓநாய்த்தோல் என்றால் வெள்ளையில் தொடங்காதீர்கள். நீலம் கலந்த சாம்பலில் தொடங்கி, சந்தனம் கலந்த சாம்பலில் ஏறி, வெள்ளையை நுனிக்கு மட்டும் மிச்சம் வையுங்கள். கறுப்பு ரோமத்துக்கு அந்தச் சந்தை ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பின்மேல் செம்பட்டை, அதுவும் வெகு சிக்கனமாக.

மூடி வைக்கும் முன்

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு வார்னிஷ். மினுக்கே இல்லாத மேட் வார்னிஷைப் பொம்மை முழுக்க அடித்தால் இவ்வளவு நேரம் உழைத்த கவசம் ஈயம்போல மங்கிப்போகும். ரோமம், தோல் வார், முகம் எல்லாவற்றுக்கும் மேட். கவசத்துக்கு மட்டும் பாதி மினுக்குள்ள சாட்டின் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசுங்கள். இரண்டின் மினுக்கும் வேறாக இருப்பதே பாதி நிஜத்தைக் கொடுத்துவிடும். பூசி முடிந்ததும் பிரஷ்களைச் சோப்பில் கழுவி, விரலால் கூர் பிடித்துப் படுக்க வைத்துக் காய விடுங்கள். தகரக் கழுத்து வரைக்கும் பெயின்ட் ஏறியிருந்தால் அந்தப் பிரஷ் சீக்கிரமே துடைப்பமாகும்.

பீடத்தின் ஓரத்தைக் கறுப்பால் சுற்றி முடித்துவிட்டு, கரடியின் தலையைப் பாருங்கள். ஈரமாகத் தெரிவதற்காக மிருகங்களின் மூக்கில் பளபளவென்று மின்னுகிற கிளாஸ் வார்னிஷ் ஒரு சொட்டு வைப்பது வழக்கம். என் வீரனின் தோளில் தொங்கிய கரடிக்கும் வைத்தேன், அழகாகத்தான் மின்னியது. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செத்த கரடிக்கு எப்படிண்ணா மூக்கு ஈரமா இருக்கும்?” என்று கேட்டான். மேட் வார்னிஷைத் திறந்து மறுபடி ஒரு சொட்டு வைத்தேன்.